25 சொற்களுக்குள் ஒரு குடும்பம்

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, பெர்லினில் மாட்டிக்கொண்ட ஒரு யூதத் தாய் லண்டனில் இருக்கும் தன் பிள்ளைக்கு நேரடியாகக் கடிதம் போட முடியாது. பெரும்பாலும் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் ஒன்றுதான் அவளுக்கு முறையாகத் திறந்திருந்த வழி. அனுப்புகிறவர் பெயரும் முகவரியும், பெறுகிறவருடையது, செய்திக்குக் கொஞ்சம் இடம். செய்தி 25 சொற்களைத் தாண்டக் கூடாது. குடும்ப விஷயம் மட்டுமே எழுதலாம். பதிலை அதே தாளின் பின்பக்கத்தில், அதே 25 சொற்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஜெர்மன் தணிக்கை, ஜெனீவா, பிரிட்டிஷ் தணிக்கை என்று சுற்றிக்கொண்டு அந்தத் தாள் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். கையில் வாங்கும்போது அதை எழுதியவர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்றே சொல்ல முடியாது.

போர் முடிவதற்குள் இப்படி 2 கோடிக்கும் மேற்பட்ட செய்திகள் ஜெனீவா வழியாகப் போய் வந்தன. எல்லாமே யூதர்கள் எழுதியவை அல்ல. போரால் பிரிந்த எல்லா நாட்டுக் குடும்பங்களும் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தின. ஆனால் யூதக் குடும்பங்களின் தாள்களைத் தனியாக எடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். அவற்றில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஏன் எழுதவில்லை? ஒழுங்காகச் சாப்பிடு. முத்தங்கள். அவ்வளவுதான்.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் கடிதங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வரிகள் ஒன்றும் புதிதல்ல. வீட்டில் என்ன நடந்தாலும் கடிதத்தின் முதல் வரி நலமாகத்தான் இருக்கும். இந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசும்போது சிலர், ‘பாவம், அவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்றே தெரியவில்லை’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நிறையப் பேருக்கு நிறையத் தெரிந்திருந்தது. முழுதாகத் தெரியாதவர்களும் பசியையும் அடியையும் பக்கத்து வீடு காலியாவதையும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இருந்தும் நலம் என்று எழுதினார்கள். யாருக்காக எழுதினார்கள், அதே வரியை நாஜிக் கொலைகாரர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பிரிவு போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுக்க யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் உடைக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான ஆண்கள் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகு பிரிட்டன் பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது. 1938 டிசம்பர் 2 அன்று முதல் குழு ஹாரிச் துறைமுகத்தில் வந்து இறங்கியது. போர் தொடங்குவதற்குள் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் இப்படி வந்து சேர்ந்தார்கள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். ரயில் நிலையத்தில் பிள்ளையை ஏற்றிவிட்ட பெற்றோரில் பலருக்கு அதற்குப் பிறகு பிள்ளை என்றால் தபால்தான்.

போருக்கு முந்தைய அந்த ஒன்பது மாதக் கடிதங்கள் நீளமானவை. பல் தேய்த்தாயா, ஆங்கிலம் வருகிறதா, அந்த வீட்டுக்காரர்களுக்கு நன்றி சொன்னாயா, கம்பளிச் சட்டை பத்துமா என்று பக்கம் பக்கமாகப் போகும். வீட்டில் கூட இருந்தால் தினம் வாயால் சொல்லித் தீர்க்கிற எல்லாவற்றையும் தாளில் சொல்லியாக வேண்டிய நிலை. உறையின் பின்பக்கம் அனுப்புகிறவர் பெயரைப் பார்த்தால் காலம் புரிந்துவிடும். 1939 ஜனவரி 1 முதல், அரசாங்கப் பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத ஒவ்வொரு யூத ஆணும் தன் பெயரோடு இஸ்ரேல் என்றும், ஒவ்வொரு பெண்ணும் சாரா என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மகளுக்குக் கடிதம் எழுதும் அம்மா உள்ளே ‘உன் அம்மா’ என்று கையெழுத்திடுவாள். வெளியே அரசாங்கம் சூட்டிய சாராவையும் சேர்த்து எழுதுவாள்.

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. இரு நாடுகளுக்கும் நடுவே நேரடித் தபால் நின்றது. பிறகு சுற்று வழிகள்தான். ஹாலந்திலோ பெல்ஜியத்திலோ சுவிட்சர்லாந்திலோ சொந்தக்காரர் இருந்தால் அவருக்கு எழுதி, அவர் வேறு உறையில் போட்டு அனுப்புவார். 1940 மே மாதம் ஹாலந்தும் பெல்ஜியமும் ஜெர்மனியிடம் விழுந்தபோது அந்த இரண்டு நாட்டு வழிகளும் அடைபட்டன. பிரிட்டனில் தாமஸ் குக் நிறுவனம் லிஸ்பன் நகரத்துத் தபால் பெட்டி எண் 506 வழியாக எதிரி நாட்டுக்குக் கடிதம் அனுப்பும் ஏற்பாடு ஒன்றை நடத்தியது. அமெரிக்காவில் உறவினர் இருந்தவர்களுக்கு 1941 டிசம்பர் வரை ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அமெரிக்காவும் போரில் இறங்கியதும் அதுவும் மூடியது. பெரும்பாலோருக்கு எஞ்சியது அந்த 25 சொற்கள்.

அமெரிக்காவுக்குப் போன கடிதங்களில் பெரும்பாலானவை விசா பற்றியவை. அவற்றைப் படிப்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஆன் ஃபிராங்கின் அப்பா ஓட்டோ ஃபிராங்க், 1941 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து அமெரிக்காவில் இருந்த தன் கல்லூரி நண்பர் நாதன் ஸ்ட்ராஸுக்கு உதவி கேட்டு எழுதினார். தனக்காகக் கேட்டிருக்க மாட்டேன், பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன் என்ற தொனி. நண்பர் வசதியானவர், செல்வாக்குள்ளவர். ஓட்டோவின் மனைவியின் சகோதரர்களும் அமெரிக்காவில் இருந்தார்கள், பொறுப்பேற்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்தக் கோடையில் விதிகள் இறுகின. ஜெர்மன் ஆட்சிப் பகுதியில் நெருங்கிய உறவினர் உள்ளவர்களுக்கு விசா கிடைப்பது மிகவும் கடினமானது. அமெரிக்கத் தூதரக அலுவலகங்களும் அங்கே மூடப்பட்டன. கியூபாவுக்கு முயன்றார். டிசம்பர் தொடக்கத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் கியூபா விசா கிடைத்தது. சில நாளில் அமெரிக்கா போருக்குள் வர, அதுவும் ரத்தானது. அந்தக் கோப்பு நியூயார்க்கின் யீவோ ஆய்வு நிறுவனத்தில் கிடந்து 2007 இல்தான் வெளியே வந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் பணமும் நண்பர்களும் விருப்பமும் இருந்தும் போதவில்லை என்பதை அந்தத் தாள்கள் காட்டுகின்றன. இவை எதுவும் இல்லாத தையல்காரர்களும் பாத்திர வியாபாரிகளும் அதே காலத்தில் எழுதிய கடிதங்களை நினைத்துப் பாருங்கள்.

இனி நான் நெடுநேரம் உட்கார்ந்து படித்த ஒரு தொகுப்புக்கு வருகிறேன். போலந்தின் சோஸ்னோவியெட்ஸ் நகரத்தில் ஓர் ஏழை ஆசிரியர் வீட்டில் 11 பிள்ளைகளில் கடைக்குட்டி சாலா கார்ன்சார்ஸ். 1940 அக்டோபரில் அவளுடைய அக்கா ரைசலுக்கு வேலை முகாமுக்கு வரச்சொல்லி ஆணை வந்தது. ஆறு வாரம்தான் என்றார்கள். ரைசல் படிப்பாளி, உடம்பில் வலுவில்லாதவள். நான் போகிறேன் என்று சாலா கிளம்பிவிட்டாள். அவளுக்கு வயது 16. ஆறு வாரம் ஏறத்தாழ ஐந்து வருடமானது, ஒரு முகாம் ஏழு முகாம்களானது.

அவள் போனது ஷ்மெல்ட் என்ற, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரியின் அமைப்பு நடத்திய கட்டாய வேலை முகாம்களுக்கு. ஜெர்மன் நெடுஞ்சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் யூதர்களை வாடகைக்கு விட்ட அமைப்பு அது. அந்த முகாம்களில் சில வருடங்கள் தபாலை அனுமதித்தார்கள். கருணையால் அல்ல. வீட்டிலிருந்து கடிதம் வருகிறவன் ஓடிப்போக மாட்டான். பிள்ளையிடமிருந்து கடிதம் வருகிற பெற்றோர் அடுத்த பிள்ளைக்கு ஆணை வரும்போது அதிகம் எதிர்க்க மாட்டார்கள். நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எப்படியோ, அந்த அனுமதியால் சாலாவுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றின் மேல் தணிக்கையாளரின் முத்திரை இருக்கும். ஏறத்தாழ 350 கடிதங்களும் கார்டுகளும் படங்களும் சேர்ந்தன.

அவற்றை அவள் காப்பாற்றியது எப்படி என்பது தனிக் கதை. முகாம் மாற்றும்போதும் சோதனை போடும்போதும் கடிதங்களை உடம்பில் ஒளித்தாள், தோழிகள் கையில் கொடுத்துவைத்தாள், மண்ணில் புதைத்தாள். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். ஒரு ரொட்டித் துண்டுக்காக அப்படித் துணிந்தால் எல்லோருக்கும் புரியும். படித்து முடித்த கடிதத்துக்காக எதற்கு இவ்வளவு? அந்தக் கடிதங்கள் அவளுக்கு அப்பா அம்மா அக்காக்கள்தான். ஆளை இழந்தாலும் ஆளின் கையெழுத்து இருக்கிறதே. அதைக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

கடிதங்களில் என்ன இருக்கிறது? அக்கா ரைசல் திட்டுகிறாள். ஏன் எழுதவில்லை, ஏன் ஒரே ஒரு கார்டு, அம்மா தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்ற ரீதியில் போகும். தங்கைக்குப் பதிலாகத் தான் போயிருக்க வேண்டியவள் என்ற நினைப்பு அவளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது அந்தக் கோபத்திலேயே தெரிகிறது. ஒரு வரியில் கூட அதை அவள் நேராகச் சொல்ல வேண்டியதில்லை. பசியைப் பற்றி விரிவாக இல்லை. தெருவில் நடப்பதைப் பற்றி ஜாடையாகத்தான். நாங்கள் நலமாக இருக்கிறோம், நீ உன்னைப் பார்த்துக்கொள்.

1942 ஆகஸ்ட் 12 அன்று சோஸ்னோவியெட்ஸ் யூதர்கள் எல்லோரும் ஆவணங்களில் முத்திரை வாங்கிக்கொள்ள விளையாட்டு மைதானத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். போனவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிரித்து அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். சாலாவின் அப்பாவும் அம்மாவும் அதில் போனார்கள். ரைசலும் இன்னொரு அக்கா பிளீமாவும் வேறொரு வேலை முகாமுக்குப் போக நேர்ந்தது. அதன் பிறகு கடிதங்கள் அங்கிருந்து வரத் தொடங்கின. முகாமிலிருந்து முகாமுக்கு. அவற்றில் அப்பா அம்மா பற்றிய செய்தி இல்லை.

சாலாவுக்கு எழுதியவர்களில் ஆலா கெர்ட்னர் என்ற தோழி உண்டு. முதல் நாள் ரயில் நிலையத்தில் அழுதுகொண்டிருந்த சாலாவின் அம்மாவிடம், உங்கள் மகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள். அப்போது ஆலாவுக்கு 28 வயது. நன்றாக உடுத்துபவள், ஜெர்மன் சரளமாகப் பேசுபவள். முகாமில் சிறுமிக்கு அக்காவாக இருந்துவிட்டு 1941 இல் ஆலா ஊர் திரும்பினாள். அங்கிருந்து விடாமல் எழுதினாள். 1943 மே மாதம், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதிக்குள்ளேயே அவளுக்குக் கல்யாணம் நடந்தது, அதையும் எழுதினாள். அந்த ஜூலை மாதக் கடைசியில் ஒரு கடிதம். சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, பென்ட்சின், சோஸ்னோவியெட்ஸ் கெட்டோக்களைக் காலி செய்யத் தொடங்கினார்கள். ஆலா அவுஷ்விட்ஸுக்குப் போனாள். அங்கே ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் வெடிமருந்தைச் சிறுகச் சிறுகக் கடத்திக் கொடுத்தார்கள், 1944 அக்டோபர் 7 அன்று, பிணங்களை அகற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட சோண்டர்கொமாண்டோ கைதிகள் கிளர்ந்தெழுந்தபோது அது பயன்பட்டது. பிடிபட்டுச் சித்திரவதைக்குப் பிறகு 1945 ஜனவரி தொடக்கத்தில் தூக்கிலிடப்பட்ட நான்கு பெண்களில் ஆலாவும் ஒருத்தி. மூன்று வாரத்தில் சோவியத் படை முகாமுக்குள் வந்தது. ஆலாவின் குரல் என்று இன்று நம்மிடம் இருப்பது சாலா ஒளித்துவைத்த கடிதங்கள்தான். அவற்றில் இருப்பவள் வீராங்கனை அல்ல. தோழிக்கு முத்தம் அனுப்புகிற, கொஞ்சம் அலட்டிக்கொள்கிற, அன்பான ஒரு பெண். இரண்டும் ஒரே ஆள் என்பதைக் கடிதம் இல்லாவிட்டால் நாம் தெரிந்துகொண்டிருக்க மாட்டோம்.

சாலா பிழைத்தாள். ரைசலும் பிளீமாவும் பிழைத்தார்கள். சாலா ஓர் அமெரிக்கப் படைவீரரைத் திருமணம் செய்துகொண்டு நியூயார்க் போனாள். கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்து, சொந்தப் பிள்ளைகளிடம் கூட வாய் திறக்காமல் இருந்தாள். 1991 இல் இதய அறுவை சிகிச்சைக்கு முன்னால்தான் அந்தப் பெட்டியை மகள் கையில் கொடுத்தாள். இப்போது அவை நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

எல்லா இடத்திலும் தபால் இப்படிப் போய்ச் சேரவில்லை. லோட்ஸ் கெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 வசந்த காலத்தில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளே வைத்து மூடினார்கள். உள்ளே தபால் அலுவலகம் இருந்தது, தபால்காரர்கள் இருந்தார்கள். ஜெர்மன் மொழியில், தெளிவான எழுத்தில், அரசியல் இல்லாமல் எழுத வேண்டும் என்று விதி இருந்தது. விதிக்கு உட்பட்டு எழுதியவற்றிலும் பலவற்றை அனுப்பவில்லை. 1942 ஜனவரியில் அங்கிருந்து ஹெல்ம்னோ கொலைக்களத்துக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியபோது தபாலை நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கான அஞ்சலட்டைகள் கெட்டோவை விட்டு வெளியேறாமலே தங்கிவிட்டன. இன்றும் அவை லோட்ஸ் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வியன்னாவிலும் பிராக்கிலும் பெர்லினிலும் இருந்து அங்கே கொண்டுவரப்பட்டவர்கள், ஊரில் இருக்கும் அண்ணனுக்கும் அத்தைக்கும் வந்து சேர்ந்தோம் என்று எழுதிய அட்டைகளும் அதில் உண்டு. அந்த அண்ணன் பதில் வரவில்லையே என்று குறைபட்டுக்கொண்டிருப்பான். வெளியிலிருந்து உள்ளே வந்த அஞ்சல்களில் சிலவற்றின் மேல் ஒரு முத்திரை குத்தித் திருப்பினார்கள்: பெறுபவரின் தெருவில் தற்போது தபால் விநியோகம் இல்லை. கொலையை அலுவலக மொழியில் இதைவிடச் சுத்தமாகத் துடைத்துவிட முடியாது. மற்ற ஊர்களில் ‘முகவரி தராமல் புறப்பட்டுவிட்டார்’ என்ற முத்திரை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ சுற்றுலா போனவரைப் பற்றிச் சொல்வது போல.

தெரிந்ததைச் சொல்லத் துணிந்தவர்களும் இருந்தார்கள். 1942 ஜனவரி 19 அன்று ஹெல்ம்னோவுக்கு அருகில் இருந்த கிராபூவ் என்ற ஊரின் ராபி (யூத மதகுரு) யாக்கூப் ஷுல்மான் லோட்ஸில் இருந்த தன் நெருங்கியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேள்விப்பட்டதை நம்பாமல் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன், இப்போது கண்ணால் பார்த்த ஒருவரே என்னிடம் வந்துவிட்டார் என்று சொல்லி, இடத்தின் பெயரையும் கொல்லும் விதத்தையும் எழுதினார். அதே நாட்களில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வார்சாவுக்குப் போன கடிதங்களையும் கார்டுகளையும் அங்கே இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் தலைமையில் ரகசியமாக இயங்கிய குழு ஒன்று சேகரித்தது. வரலாற்றாசிரியரான அவருக்கு, சொந்தக்காரர் எழுதிய ஓர் அஞ்சலட்டை எந்த அரசாங்க அறிக்கையை விடவும் பெரிய ஆதாரம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். 1946 இல் ஒரு பகுதியும் 1950 இல் இன்னொரு பகுதியும் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன.

ஜாடையாக எழுதியவர்களும் உண்டு. 1942 செப்டம்பரில் வார்சாவிலிருந்து சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு யூதர்களை மீட்க உழைத்த ஸ்டெர்ன்புக் தம்பதிக்கு ஒரு கடிதம் போனது. மேலோட்டமாகப் பார்த்தால் குடும்ப அரட்டை. வேட்டைக்காரர் என்று பொருள்படும் பெயருள்ள ஒருவர் உறவினர் எல்லோரையும் தன் கிராமத்து வீட்டுக்கு அழைத்திருக்கிறார், ஒரு பெண்ணைத் தவிர. எபிரேயம் அறிந்தவருக்கு அந்த உறவினர் பெயர் ‘நம் சகோதரர்கள்’, வீட்டின் பெயர் ‘கல்லறை’. வேட்டைக்காரர் என்பது ஜெர்மானியர்களையும், விட்டுவைக்கப்பட்ட அந்தப் பெண் என்பது இரும்பு வேலை செய்கிற தொழிலாளர்களையும் குறிக்கும். தணிக்கையாளர் அனுப்பிவிட்டார். எனக்கு இதில் பிடிபடுவது, அந்த மறைமொழிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவம்: மாமா, அத்தை, விருந்து, வீடு. எந்தத் தணிக்கையாளனும் சந்தேகப்படாத ஒரே பேச்சு சொந்தபந்தப் பேச்சுதான்.

கொலைகாரர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

1943 செப்டம்பரில் தெரேசியன்ஸ்டாட் கெட்டோவிலிருந்து சுமார் 5,000 பேரை அவுஷ்விட்ஸ் பிர்கனாவுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கத்துக்கு மாறாக, வந்ததும் யாரையும் பிரிக்கவில்லை. குடும்ப முகாம் என்று ஒன்றில் வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களிடம் அஞ்சலட்டைகளைக் கொடுத்து உறவினர்களுக்கு எழுதச் சொன்னார்கள். ஜெர்மன் மொழியில், சில சொற்களில். நலமாக இருக்கிறோம், வேலை செய்கிறோம். தேதி மட்டும் மார்ச் 25 அல்லது அதை ஒட்டிப் போட வேண்டும் என்றார்கள். 1944 மார்ச் 8 இரவு அவர்களில் ஏறத்தாழ 3,800 பேரை விஷவாயு அறைகளுக்கு அனுப்பினார்கள். அட்டைகள் அதன் பிறகு போய்ச் சேர்ந்தன. தேதியைப் பார்த்தவர்கள் இரண்டு வாரம் முன்பே இறந்துபோனவர்களுக்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அதே வருடம் ஹங்கேரியில் மே 15 முதல் ஜூலை 9 வரை 4 லட்சத்து 37 ஆயிரம் யூதர்களை ரயிலேற்றினார்கள். முதலில் வந்து இறங்கியவர்களில் சிலரை அட்டை எழுதவைத்து, மேலே இடப்பெயர் வால்ட்சே என்று போடச் செய்தார்கள். காடும் ஏரியும் நினைவுக்கு வரும் அழகான பெயர். அட்டைகள் புடாபெஸ்டுக்குப் போய், இன்னும் ஏற்றப்படாதவர்கள் கையில் கிடைத்தன. மாமா நலமாக இருக்கிறார், வேலை செய்கிறார், நாமும் போனால் பார்க்கலாம்.

இங்கேதான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நான்கு வருடமாக அம்மாக்கள் பிள்ளைகளுக்காக எழுதிய அதே வரி. பிள்ளை பயப்படக் கூடாது என்று அம்மா எழுதிய நலத்தை, பிள்ளை தப்பி ஓடக் கூடாது என்பதற்காக எஸ்.எஸ். ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். யூதர்களின் வீட்டையும் நகையையும் முடியையும் பறித்தவர்கள் கடைசியில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதலையும் பறித்துக் கருவியாக்கினார்கள். இதற்குப் பிறகு, ‘நலம் என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியானால் அவர்களுக்குத் தெரியவில்லை’ என்று சொல்வது, அந்த ஏமாற்றை இன்றும் நாம் நம்புவது போலத்தான்.

அந்தக் குடும்ப முகாமை 1944 ஜூலையில் முற்றிலும் ஒழித்தபோது அங்கே வில்மா குரூன்வால்ட் என்ற பிராக் நகரத்துப் பெண் இருந்தாள். இரண்டு பையன்கள். மூத்தவன் காலைச் சாய்த்து நடப்பவன். தேர்வில் அவனை மரணத்துக்கு ஒதுக்கினார்கள். அவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஜூலை 11 அன்று, லாரிகளுக்குக் காத்திருந்த நேரத்தில், முகாமின் வேறொரு பகுதியில் மருத்துவராக இருந்த கணவனுக்கு எழுதினாள். அந்தக் கடிதத்தில் நலம் என்ற பொய் இல்லை. நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டு, பதறாமல் எழுதுகிறாள்: உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், இது நம் விதி, சின்னவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காவலன் கையில் கொடுத்தாள். எல்லா விதிகளுக்கும் மாறாக அது கணவனிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் சின்ன மகனும் பிழைத்தார்கள். அந்த மகன் அதைப் பல வருடம் கழித்து, அப்பா இறந்த பிறகுதான் படித்தார். 2012 இல் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

முன்பின் தெரியாதவர்கள் கடிதம் சுமந்த கதைகளும் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் 13,152 யூதர்களைப் பிடித்து, அவர்களில் குடும்பங்களை வெல்திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். தண்ணீர் கூட இல்லை. அங்கே பணிக்கு வந்த தீயணைப்புப் படையின் கேப்டன் பியரே, காவலர்கள் தடுத்தும் கேளாமல் தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிடச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் துண்டுத் தாள்களில் எழுதித் திணித்த செய்திகளைத் தன் ஆட்கள் மூலம் சேகரித்து, அவற்றைத் தபாலில் சேர்க்க அவர்களுக்கு விடுப்பும் கொடுத்தார். பாரிஸை அடுத்த டிரான்சி முகாமிலிருந்து கிளம்பிய ரயில்களின் இடுக்கு வழியே விழுந்த தாள்களை ரயில்வே தொழிலாளிகள் பொறுக்கி எடுத்து அஞ்சல் தலை ஒட்டி அனுப்பினார்கள். ஹாலந்தில் எட்டி ஹில்லெசும் என்ற இளம் யூதப் பெண் 1943 செப்டம்பர் 7 அன்று வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து கிளம்பிய ரயிலிலிருந்து ஓர் அஞ்சலட்டையை வீசினாள். விவசாயிகள் கண்டெடுத்துத் தபாலில் போட்டார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு என்னை விடாமல் துளைப்பது வேறொன்று. இந்தக் கடிதப் போக்குவரத்துகளில் பெரும்பாலும் ஒரு பாதிதான் நம்மிடம் இருக்கிறது. தப்பித்தவர் கையில் இருந்த கடிதம் தப்பித்தது. கொல்லப்பட்டவர் கையில் இருந்தது அவரோடு அழிந்தது. அதனால் லண்டன் பிள்ளைக்குப் பெர்லின் அம்மா எழுதியது கிடைக்கிறது. அம்மாவுக்குப் பிள்ளை எழுதியது, தவறும் திருத்தமுமாக, கோபமும் அழுகையுமாக எழுதியது, அநேகமாக இல்லை. சாலா வீட்டுக்கு எழுதியவையும் போய்விட்டன. ரைசலின் கேள்விகளிலிருந்து சாலா என்ன எழுதியிருப்பாள் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

கிடைத்த பாதியையும் வாரிசுகளால் எளிதில் படிக்க முடிவதில்லை. சின்ன வயதில் இங்கிலாந்து வந்த பிள்ளைகள் பலர் ஜெர்மன் மொழியையே மறந்தார்கள். அம்மா எழுதிய தாளை வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மொழி தெரிந்த பேரப்பிள்ளைகளுக்கும் குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறை எழுத்துக்கூட்டிக் கூடப் பிடிபடாது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, ஒரு தாளுக்கு ஒரு மாலை முழுக்கச் செலவழித்து எழுத்தெழுத்தாகப் பெயர்க்கிறார்கள். முடிவில் கிடைப்பது, கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வந்ததா என்ற ஒரு கேள்வியாக இருக்கலாம். அந்த உழைப்பு வீண் என்று அவர்கள் யாரும் நினைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கடிதங்களில் கணிசமானவற்றை அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன, பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் கடைசிக் கடிதங்களைத் தேடித்தான் போகிறார்கள். அங்கிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒரே குடும்பத்தின் சாதாரணக் கடிதங்களில் இருபது முப்பதைப் படியுங்கள். அக்கா திட்டுவது, அப்பா படிப்பைப் பற்றிக் கேட்பது, பாட்டி ஒரு வரி சேர்ப்பது, பிறந்தநாளுக்கு வரைந்த பூ. அந்த வீட்டில் யார் அதிகம் பேசுவார், யார் சுருக்கமாக முடிப்பார், யார் யாரைக் கிண்டல் செய்வார் என்பதெல்லாம் உங்களுக்குப் பழகட்டும். அப்புறம் 25 சொற்களுக்கு வாருங்கள்.